நாலாவது படுக்கை

கோசலை மூன்று பேருக்குத்தான் பதிந்திருந்தாள். வந்த உறுதிக் கடிதத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

வேறு யாரும் என்றால் கண் பிசகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். கோசலையால் அப்படி விட முடியாது. பாரிஸில், லா ஷப்பேலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், தவரத்தினத்தின் டிக்கெட் கடையில் பதினோரு வருஷமாக அவள் செய்கிற வேலையே ஆட்களை எண்ணுவதுதான். பெயர், குடும்பப் பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் இலக்கம், குழந்தை என்றால் மடியில் இருக்குமா தனி இருக்கையா. ஓரெழுத்துப் பிசகினால் சனம் விமான நிலையத்தில் நின்று அழும், அழுது முடிந்ததும் நேரே கடைக்கு வந்து அவளுடைய உயிரை வாங்கும். அதனால் எதையும் மூன்று தரம் பார்த்துத்தான் அனுப்புவாள். இதையும் அப்படித்தான் அனுப்பினாள்.

அச்செடுத்த தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். முதல் வரியில் அவளுடைய கணவன் துஷ்யந்தன், வயது நாற்பத்திரண்டு. அடுத்தது அவள். மூன்றாவது மகள் மிருணாளினி, வயது ஏழு. நாலாவது வரியில் அவர்களுடைய குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. முதற்பெயருக்கான கட்டம் வெறுமை. வயது இரண்டு.

தவரத்தினம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முதலாளி என்ற பேர்தானே ஒழிய, மனிதருக்கு நாள் முழுக்க ஆரையாவது பகிடி பண்ணாவிட்டால் தேத்தண்ணி இறங்காது.

"என்ன பிள்ளை, ரெண்டு வயசெண்டு கிடக்கு. ரெண்டு வருஷமா எங்களுக்குச் சொல்லாமல் ஒளிச்சு வச்சிருக்கிறியள் என்ன?"

கோசலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணினியைத் திறந்து, தான் அனுப்பிய விண்ணப்பத்தைத் தேடிப் பார்த்தாள். அதிலும் நான்கு பேர் இருந்தார்கள். அனுப்பிய நேரம் சரி, அனுப்பிய முகவரி அவளுடையது. சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

இந்தப் பயணம் அவளுடைய ஆசை. ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்கிறவள் என்று ஆரும் சொல்லக் கூடாது என்ற வீம்பும் அதில் கொஞ்சம் உண்டு. கிறிஸ்மஸ் லீவுக்கு அவுஸ்திரேலியா. சிட்னியில் துஷ்யந்தனின் தமையன் வீட்டில் மூன்று நாள், பிறகு தெற்காலே கார் ஓடி, மூன்று தேசியப் பூங்காக்கள், கடைசியில் ஐந்து இரவு காட்டு விளிம்பில் ஒரு கூடாரம். கூடாரம் என்றால் சாதாரணக் கூடாரம் இல்லை. பலகை போட்ட தரை, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், விளக்கு, சுடுதண்ணீர், வாசலில் சாய்மனைக் கதிரை. கிளாம்பிங் என்கிறார்கள். மிருணாளினிக்கு வொம்பட் என்கிற கொழுத்த பிராணியைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அதற்காகவே அந்த இடத்தைத் தெரிவு செய்தாள். அதை நடத்துகிறவள் இசபெல் என்ற பிரெஞ்சுக்காரி, அங்கே போய்க் குடியேறியவள். கடிதம் எல்லாம் பிரெஞ்சிலேயே எழுதலாம் என்பது இன்னொரு வசதி.

துஷ்யந்தன் ஒரு உணவகத்தில் சமையல்காரன். விலையைக் கேட்டதும் அவன் சொன்னான், "சண்டைக்குள்ளை ஒரு வருஷம் கூடாரத்திலை சும்மா படுத்தனாங்கள். இப்ப காசு குடுத்துப் படுக்கப் போறம்." சொல்லிவிட்டு அவனே சிரித்ததால் அது சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் இசபெலுக்கு எழுதினாள். நாலாவது ஆள் என்று எவரும் இல்லை, பிழை நேர்ந்துவிட்டது, நாங்கள் மூன்று பேர்தான்.

வெளியே நவம்பர் மாதத்துப் பின்னேரம் நாலரை மணிக்கே கறுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டித் தகடு இரண்டு கையாலும் அடிபட்டது, தெருமுனையில் இரும்புப் பாலத்துக்கு மேலால் மெட்ரோ போக மேசைக் கண்ணாடி அதிர்ந்தது, பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்த வாசலிலிருந்து மல்லிகை மணமும் ஈர அட்டைப்பெட்டி மணமும் கலந்து உள்ளே வந்தன. எல்லாம் தினமும் இருக்கிறது போலவே இருந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

கடைச் சுவரில் மூன்று மணிக்கூடுகள் உண்டு: பாரிஸ், கொழும்பு, சிட்னி. சிட்னி மணிக்கூடு பின்னிரவு இரண்டரை காட்டியது.

நன்றி, மாற்றிவிட்டேன் என்று இருந்தது பதில். தொட்டில் போடுவதாக இருந்தேன், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது காணாது, கட்டிலே போடுகிறேன். வாசல் பக்கம்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்டபடி வாசல் பக்கமே போடுகிறேன்.

அதோடு புதிய உறுதிக் கடிதம். நாலாவது வரி. குடும்பப் பெயர். வெறுமையான கட்டம். வயது நான்கு.

கோசலை தவரத்தினத்துக்கு அதைக் காட்டவில்லை. காட்டினால் இன்னொரு பகிடி வரும், அதைக் கேட்கிற மனநிலையில் அவள் இல்லை.

அவர்களுடைய வீடு அதே தெருவில், ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மூன்றாம் மாடி ஏறும்போதே அவளுக்கு மணத்தது. யூக்கலிப்டஸ் தைலம். தடிமன் பிடித்தால் சுடுதண்ணீரில் விட்டு ஆவி பிடிக்கிற அதே தைலம்தான், ஆனால் போத்தலில் இருக்கிறதைவிடப் பச்சையாக, இலையைக் கசக்கிக் கைக்குள் வைத்திருக்கிற மாதிரி. பிள்ளைக்குத் தடிமனாக்கும், அவர் பூசிவிட்டிருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். துஷ்யந்தன் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றான். தைலமா, நான் ஒன்றும் பூசவில்லையே என்றான். குளியலறை அலுமாரியில் போத்தல் முத்திரைகூட உடையாமல் இருந்தது.

வாசலில் மூன்று சோடிச் சப்பாத்துகள் எப்போதும் போல வரிசையாக இருந்தன. மிருணாளினியின் சப்பாத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சோடிக்கு இடம் விட்டது போன்ற வெற்றிடத்தில், தரையில் சிவப்பாய் ஏதோ தூள் கிடந்தது. தொட்டால் மாவு போல விரலில் ஒட்டியது. கோசலை ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு தரம் துடைத்த பிறகும் துணி சிவந்தது.

மிருணாளினி தன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். வாயாடிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தால் வந்தால் அன்றைக்கு நடந்த அவ்வளவையும் மூச்சு விடாமல் பிரெஞ்சில் ஒப்பிப்பாள். தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும். அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, மமான் என்றுதான் கூப்பிடுவாள். அது கோசலைக்கு உள்ளுக்குள் ஒரு குறைதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் விட்டுப் பார்த்தாள், ஒன்றும் ஏறவில்லை. ஒருநாள் வாயால் வரும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் ஒன்றும் ஒப்பிக்கவில்லை. முன்பல் ஒன்று ஒரு கிழமையாக ஆடிக்கொண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி இருந்தாள். கோசலை பக்கத்தில் இருந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். குளிர்ந்து கிடந்தது. என்ன பிள்ளை, குளிருதோ என்று கேட்டாள்.

எனக்கில்லை, அவளுக்குத்தான் குளிர்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள் மிருணாளினி. எப்போது போகிறோம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றும் சொன்னாள்.

தலையணைக்கடியில் அவளுடைய கை எதையோ பொத்திப் பிடித்திருந்தது. கோசலை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே ஒரு கல் இருந்தது. பாக்கு அளவு, செம்மண் நிறம், ஒரு பக்கம் வழவழப்பு.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்கு மூன்று பேராய்ப் போக மாட்டார்கள், போனால் காரியம் கெடும் என்பார்கள். வேறு வழியில்லை என்றால் வாசலில் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். கல்தான் நாலாவது ஆள். திரும்பி வந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, வேலை முடிஞ்சுது, நீ இனி நில் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். கோசலையின் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதை ஆரும் பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் முதல் தடவை அவுஸ்திரேலியா போனபோது, தமையனுடைய காரை வாங்கிக்கொண்டு ஒரு தேசியப் பூங்காவுக்கு மூன்று பேராகத்தான் போனார்கள். நடைபாதை தொடங்குகிற இடத்தில், இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லாதீர்கள் என்று பலகை இருந்தது. அந்தப் பலகையின் காலடியிலேயே குனிந்து கோசலை ஒரு கல்லை எடுத்தாள். துஷ்யந்தன் பார்த்துச் சிரித்தான். எடுத்துச் செல்லவா போகிறோம், வரும்போது வைத்துவிடுவோம் என்றாள் அவள். பிறகு கல்லைப் பார்த்து, பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"நீயும் எங்களோடை வா. நாலு பேராப் போவம்."

ஐந்து வயது மிருணாளினி இந்த ஆளுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பேர் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டு ஆள், அவ்வளவுதான் என்றாள் கோசலை.

திரும்பி வரும்போது மழை கொட்டியது. பிள்ளை பசியில் அழுதாள். ஓட்டமாய் ஓடிக் காருக்குள் ஏறினார்கள். கல் அவளுடைய மழைச் சட்டைப் பைக்குள் இருந்தது. அந்தச் சட்டை பாரிஸுக்கு வந்து அலுமாரியில் தொங்கியது. இரண்டு வருஷம்.

வயது இரண்டு என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. கோசலை கல்லை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில், அரிசிப் பேணிக்குப் பின்னால், ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டிசம்பரில் போவோம்தானே, எடுத்த இடத்தில் வைத்து, நில் என்று சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது என்று தனக்குத்தானே சொன்னாள். அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. இரவுச் சமையலுக்கு அரிசி களைந்தபோது முதல் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அரிசியைக் கொட்டிவிட்டுப் பாண் வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. துஷ்யந்தனுக்கு வேலை பின்னேரம்தான் என்பதால் பிள்ளை அவனோடு இருந்தாள். கடைக்குப் போன கையோடு கோசலை இசபெலைத் தொலைபேசியில் பிடித்தாள். அங்கே இரவு எட்டு மணி. இசபெலின் குரல் களைத்திருந்தது, ஆனால் நல்ல குரல், கோழிக்குஞ்சுகளுக்குத் தீன் போட்டுவிட்டு வருகிற மனுஷியின் குரல். நேற்றுப் பின்னிரவு கடிதம் அனுப்பினீர்களா என்று கேட்டதற்கு, அந்த நேரத்தில் நான் நித்திரை அல்லவா என்றாள். மாற்றங்கள் எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்தே வருகின்றன, நீங்கள்தான் மாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

உங்கள் சின்னவள் கூப்பிட்டாளே, தெரியுமா என்று கேட்டாள். மூன்று நாளாகக் கூப்பிடுகிறாள், எனக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்தில். பிரெஞ்சு பேசவில்லை, உங்கள் பாஷைதான் போல. ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. இசபெல் அதைச் சொல்லிக் காட்டினாள். நாக்குக்குப் பழக்கமில்லாத சொல்லைப் பக்குவமாக, பிழையில்லாமல் சொன்னாள்.

"வாறன். வாறன். வாறன்."

மிருணாளினிக்கு அந்தச் சொல் வராது. கோசலைக்கு அது தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா. தொலைபேசியை வைத்தாள். யாழ்ப்பாணம் போக டிக்கெட் கேட்டு வந்த ஒரு அம்மா, எத்தனை பேர் என்று கோசலை மூன்றாவது தரமும் கேட்டதில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் நாலு மணிக்குத் துஷ்யந்தன் கூப்பிட்டான். பதற்றப்படுகிற ஆள் இல்லை அவன். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

"இஞ்சேரும், பிள்ளை காலமை தொடக்கம் நித்திரை. காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லெண்டு கிடக்கு. சோபாவிலை இருந்து கட்டிலுக்குத் தூக்கப் பாத்தன், ஏலாமல் போச்சு. அரிசி மூட்டை தூக்கிற எனக்கு ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கேலாதாம்."

அவள் கடையிலிருந்து ஓடிவந்தாள். துஷ்யந்தன் வேலைக்கு ஏற்கனவே பிந்திவிட்டிருந்தான். டொக்டருக்குப் போன் அடித்தாயிற்று, ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள், நீர் கூட்டிக்கொண்டு போம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவனுடைய காலடி ஐந்து மாடியும் இறங்கி ஓய்ந்தது. கதவைச் சாத்தியதும் அந்த வீட்டில் தைல மணம் கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம், கீழே தெருவில் ஆரோ பெட்டி இழுத்துப் போகிற சத்தம், இவற்றுக்கு இடையில் வேறு ஒரு சத்தமும், காய்ந்த மரப்பட்டையை மெல்ல மெல்ல உரித்துக் கீழே போடுகிற மாதிரி, எந்த அறையிலிருந்து என்று பிடிபடாமல் வந்துகொண்டிருந்தது.

மிருணாளினி சோபாவில் கிடந்தாள். சோபா அவளுக்குக் கீழே பள்ளமாகக் குழிந்திருந்தது. நெற்றி குளிர். கை குளிர். மூச்சு இருந்தது, மெல்லிசாக, வெகுநேரம் விட்டுவிட்டு ஒரு தரம். மூடிய கைக்குள் மறுபடியும் அந்தக் கல்.

டப்பா அரிசிப் பேணிக்குப் பின்னால் மூடியபடியே இருந்தது.

கோசலை கல்லைப் பிடுங்கினாள். நேற்றுப் பாக்கு அளவு இருந்தது, இன்றைக்குத் தேசிக்காய் அளவு. சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் உள்ளங்கைச் சூடு.

தொலைபேசி கிணுக்கென்றது. கூடார இடத்திலிருந்து புதிய உறுதிக் கடிதம். அதோடு ஒரு படம். வெள்ளைக் கூடாரம், பலகைத் தரை, மஞ்சள் விளக்கு. நான்கு கட்டில்கள். மூன்றில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. வாசல் பக்கத்துக் கட்டிலில் தலையணை குழிந்திருந்தது. விரிப்பில் சிவப்பாய்த் தூள். நாலாவது வரியில் வயது ஏழு.

பிறந்த திகதியும் போட்டிருந்தது. மிருணாளினியின் பிறந்த திகதி.

டிசம்பர் வரைக்கும் பொறுக்க முடியாது. அது மட்டும் அவளுக்கு விளங்கியது. இது பிள்ளையை எடுக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. அவள் இசபெலுக்கு எழுதினாள், இசபெல்தான் படிப்பாளோ ஆர் படிப்பார்களோ என்று யோசிக்காமல் எழுதினாள். நாங்கள் மூன்று பேர்தான். எப்போதும் மூன்று பேர்தான். நாலாவது ஆளை எடுத்துவிடுங்கள்.

கல்லை ஒரு துணிப்பைக்குள் போட்டாள். பிள்ளைக்குப் போர்த்திவிட்டுக் குனிந்து காதுக்குள், பத்து நிமிஷம், அம்மா ஓடிப்போய் ஓடி வாறன் என்றாள். மிருணாளினியின் உதடு அசைந்தது. பிரெஞ்சில், வெகு தூரத்திலிருந்து வருகிறது போல, என்னை விட்டுவிட்டுப் போகாதே என்றாள்.

"பயப்பிடாதை குஞ்சு. இதைத்தான் விட்டிட்டு வரப்போறன்."

பூட்டிவிட்டு இறங்கினாள். தெரு முழுக்கச் சனம். மரக்கறிப் பெட்டிகள், தள்ளுவண்டிகள், மணிக்கூடு விற்கிறவன், கோயிலால் வருகிற பெண்கள். ஆரோ தெரிந்தவர்கள் என்ன கோசலை எங்கை ஓடுறாய் என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. பை கனத்தது. பாலத்தடியால் திரும்பும்போது அது ஒரு கையால் தூக்குகிற கனமாக இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஏழு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியால் வந்த நாளில் இப்படித்தான் பிள்ளையை அணைத்துக்கொண்டு இதே பாலத்தடியால் வந்தாள். அந்த நினைவு ஏன் இப்போது வருகிறது என்று அவளுக்கே கோபம் வந்தது.

ஸ்தாலிங்ராட் மெட்ரோ நிலையம் தாண்டிக் கால்வாய். தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கரையில் இளசுகள் இருந்து பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைத் தாண்டி ஆள் இல்லாத இடத்துக்குப் போனாள். பையின் சூடு மேலங்கியைத் தாண்டி நெஞ்சில் சுட்டது. பைக்குள் ஏதோ துடித்தது. மெல்லிசாக. தட், தட், தட்.

எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு சொல் சொல்ல வேண்டும். நினைவு வந்தது. நேரமில்லை. அந்த இடம் உலகத்தின் மற்றப் பக்கத்தில்.

மேலே மெட்ரோ வந்தது. இரும்பெல்லாம் குலுங்கியது. அந்த இரைச்சலுக்குள், நெஞ்சுக்குப் பக்கத்தில், துணிக்குள்ளிருந்து ஒரு குரல்.

மமான்.

"என்னை ஏமாத்தாதை," என்றாள் கோசலை.

பையைக் கவிழ்த்து உதறினாள். கல் விழுந்தது. சத்தம் பெரிதாக இருந்தது. வளையங்கள் வந்தன, கரையில் பட்டன, அடங்கின. பை அவள் கையில் இலேசாகத் தொங்கியது.

திரும்பி வரும் வழியில் தொலைபேசி கிணுக்கென்றது. பாலத்தடி வெளிச்சத்தில் நின்று பார்த்தாள். புதிய உறுதிக் கடிதம். தந்தை, தாய், பிள்ளை. மூன்று வரிகள். கீழே படம். மூன்று கட்டில்கள், மூன்று தலையணைகள், நீங்கள் கேட்டபடியே என்று ஒரு குறிப்பு. கோசலைக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெருவில் நின்று, தனக்குத்தானே சிரித்தாள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஒரு பெட்டி லட்டுக்கூட வாங்கினாள்.

படி ஏறும்போது மணம் இல்லை. வாசலில் சிவப்புத் தூள் இல்லை. கதவைத் திறந்தபோது விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவள் போகும்போது நிற்பாட்டிவிட்டுப் போன விளக்குகள். சோபாவில் பள்ளம் மட்டும் இருந்தது, போர்வை மடித்து வைத்திருந்தது.

"மிருணா?"

"ஓம் அம்மா."

கோசலை நின்றுவிட்டாள்.

பிள்ளை நடையில் நின்றாள். மேலங்கி போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டி, சப்பாத்துப் போட்டு, வெளிக்கிட்டு நின்றாள். முகத்தில் நல்ல நிறம். கன்னம் சிவந்திருந்தது. டொக்டரிடம் போக அவளாகவே வெளிக்கிட்டிருக்கிறாள், சுகமாகிவிட்டது, தமிழும் வந்துவிட்டது என்று கோசலையின் மனம் அவசரம் அவசரமாகச் சொல்லிக்கொண்டது. கைகள் மட்டும் அதைக் கேட்கவில்லை. லட்டுப் பெட்டி நழுவி விழுந்தது. துணிப்பையும் விழுந்தது.

பைக்குள்ளிருந்து ஏதோ உருண்டு வந்து பலகைத் தரையில் நின்றது.

ஒரு பல். பால்பல். வேரில் இரத்தம் இன்னும் காயவில்லை.

கோசலை பல்லைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

பிள்ளை சிரித்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை. ஒன்றும் ஆடவில்லை. ஒன்றும் குறையவில்லை.

"பயமோ அம்மா?" கிட்ட வந்து கோசலையின் கையைப் பிடித்தாள். கை கதகதப்பாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பலகையின் காலடியில் கோசலை பேசிய அதே தமிழில், அதே இழுவையில் சொன்னாள்.

"நாங்கள் இப்ப மூண்டு பேர்தானே. மூண்டு பேராப் போகக் கூடாது. ஒரு கல் எடுப்பம் அம்மா. அங்கை தண்ணிக்குள்ளை ஒண்டு கிடக்கு."